கடைசல் பட்டறையில் டெய்லர்

தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர் என்றே ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லரைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். லேத் முன் நின்று உழைத்த டெய்லரைப் பாடநூல்கள் பேசுவதில்லை. நான் வசிக்கும் பொத்தேரியை அடுத்த மறைமலை நகரின் கடைசல் பட்டறைகளைக் கடக்கும்போதெல்லாம் அந்த டெய்லரே எனக்கு நினைவுக்கு வருகிறார்.

1856-இல் பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும், கண் கோளாறால் அங்கே சேராமல் பட்டறைப் பயிற்சிக்குப் போனார். 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் கூலியாளாக நுழைந்து, தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். 1880-இல் அங்கே தொடங்கிய உலோக வெட்டுச் சோதனைகள் 26 ஆண்டுகள் நீண்டன. எட்டு லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சீவல்களாயின.

அவர் தேடியது வேகத்தை. ஆயினும், கடைந்த பரப்பு போதுமான வழவழப்புடன் அமைய வேண்டும் என்பதை வெட்டுளியின் வடிவத்துக்கு அடிப்படை நிபந்தனையாக வைத்தார். கூர்முனை உளி நகரும்போது பரப்பில் திருகுமரை போன்ற வரிகள் விழும். முனையை வளைவாகத் தீட்டினால் அவற்றின் ஆழம் குறையும். வளைந்த முனையில் சீவல் நுனிப் பக்கம் மெலிந்துகொண்டே போகிறது. இறுதிப் பரப்பை உருவாக்குவது அந்த மெல்லிய பகுதி என்பதால், மற்ற விளிம்பு தேய்ந்தாலும் நுனி கெடாமல் நிற்கிறது. சீவலின் தடிமன் ஒரே சீராக இல்லாததால் அதிர்வும் தணிகிறது. ஆனால், வளைவை மிகப் பெரிதாக்கினால் அதிர்வு திரும்பிவிடும். இந்த நிதானம்தான் டர்னரின் கைத்திறன்.

பெத்லகேம் ஆலையில் மான்சல் வைட்டுடன் சேர்ந்து அதிவேக எஃகு உளியை உருவாக்கினார். வேகம், உளியின் நகர்வு, வெட்டின் ஆழம் ஆகியவற்றைக் கணக்கிட, கார்ல் பார்த் ஒரு நழுவு அளவுகோலை வடிவமைத்தார். 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத் தலைவராக டெய்லர் இவை அனைத்தையும் உரையாக வெளியிட்டார்.

பொருளியலாளனாக நான் தயங்கும் இடம் இதுவே. தொழிலாளியின் கையில் இருந்த அறிவு எண்களாகித் திட்ட அறைக்கு இடம்பெயர்ந்தது. கூலி கூடியது உண்மை; தீர்மானிக்கும் உரிமை கைமாறியது. இன்று நம் பட்டறைகளிலும் சொரசொரப்பை மைக்ரானில் அளக்கிறார்கள். அளவு மீறிய தண்டு திருப்பி அனுப்பப்படுகிறது; வேகத்தை நிர்ணயித்தவர் வேறொருவராக இருந்தாலும் கேள்விக்கு நிற்பவர் டர்னர்தான்.

1911-இல் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் கடிகார அளவீட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடாளுமன்றக் குழு டெய்லரை நாள்கணக்கில் விசாரித்தது. 59 வயது நிறைந்த மறுநாள், 1915 மார்ச் 21-இல் அவர் இறந்தார். அதே ஆண்டு, ராணுவ ஆலைகளில் அந்தக் கடிகாரங்களுக்கு நாடாளுமன்றம் தடை விதித்தது.