குறியும் நெறியும்

துப்பாக்கி பிடித்துப் பழகிய கையால் திருக்குறளை ஆங்கிலத்தில் வடித்தவர் ஒருவர் தமிழகத்தில் இருந்தார். அவர்தாம் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். நாடறிந்த பெயர் வ.வே.சு. ஐயர். கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில் பிறந்த எனக்கு அவர்மீது தனிப்பற்று ஒன்று உண்டு. தனி வழக்கு ஒன்றும் உண்டு. இரண்டையும் இங்கே சொல்ல விழைகிறேன்.

ஐயர் 1881 ஏப்ரல் 2-இல் திருச்சியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் மண்ணில் கால் வைத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் எம் முன்னோர் அங்கே சுரங்கத்தில் இறங்கலாயினர். ஐயரோ திருச்சி சூசையப்பர் கல்லூரியில் பயின்று, வழக்கறிஞராகி, இரங்கூனில் தொழில் நடத்தி, 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்றார்.

இலண்டனில் அவர் வாழ்வு திசை மாறியது. இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் இல்லத்தில் சாவர்க்கரின் நட்பு வாய்த்தது. சட்டம் படிக்க வந்தவர் படைக்கலம் பயின்றார். அங்கிருந்த இளைஞர்களுள் ஒருவரான மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1-இல் கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டில் ப்ரௌனிங் துப்பாக்கிகள் இலண்டனிலிருந்து கமுக்கமாக இந்தியாவுக்கு அனுப்பப்பெற்றன. அவற்றுள் ஒன்று டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது.

ஏன் ப்ரௌனிங்? ஆங்கில அதிகாரிகளின் இடையில் தொங்கிய வெப்ளி, ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. அதன் உருளையில் ஆறு தோட்டாக்கள் இருக்கும். ஒன்று வெடிக்காமற் போயினும், விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். நம்பத்தக்க கருவிதான், ஆனால் படைத்துறை வெப்ளியின் எடை ஒரு கிலோவுக்கு மேல். சட்டைப் பையில் அது ஒளியாது. பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் செய்யப்பட்ட 1900-ஆம் ஆண்டு ப்ரௌனிங்கோ தட்டையானது, 7.65 மி.மீ. விட்டமுடைய ஏழு தோட்டாக்கள் கொள்வது. எடை ஏறத்தாழ 600 கிராம். மறைத்து வைக்க ஏற்றதாய் அமைந்தது இதுவே. இந்த ஆசை இன்றும் தணியவில்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென்று நிர்பீக் என்னும் சிறு ரிவால்வரை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ.

தற்காப்புக்கு எது சிறந்தது என்று எம் விடுதி நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. இயற்பியல் மாணவனாகிய யான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். துப்பாக்கியின் முன்முனையில் ஒரு சிறு மேடு உண்டு. பின்புறத்தில் ஒரு சிறு பிளவு உண்டு. முன்குறி, பின்குறி, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆனால் மூன்றையும் ஒருங்கே தெளிவாய்க் காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை; ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும். இரு குறிகளுக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், அவை ஒரு மி.மீ. பிசகினும் 10 மீட்டர் தொலைவில் குண்டு 100 மி.மீ. விலகும். இடைவெளி 700 மி.மீ. உள்ள நீண்ட துப்பாக்கியில் அதே பிசகு 14 மி.மீ. அளவே விலக்கும். கருவி சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருகும். ஆதலால் சிறிய துப்பாக்கி நெருங்கிச் சுடுவதற்கே உரியது. நெருங்கிய இடத்திலோ நடுங்கும் கைக்குக் குறி பார்க்க நேரமிராது.

1910-இல் ஐயரைப் பிடிக்க ஆங்கில அரசு முனைந்தது. பாரிஸ்டர் படிப்பை முடித்தும் பட்டம் ஏற்காத அவர் ஐரோப்பா வழியே தப்பினார். தாடியும் தலைப்பாகையுமாய்ச் சீக்கியர் கோலம் பூண்டார். பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்னும் எழுத்துகளை ஒற்றர்கள் ஐயுற்றபோது, வீர விக்ரம் சிங் எனத் தம் பெயரைச் சொல்லித் தப்பிய கதை பலரும் அறிந்ததே. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்து, பாரதியார், அரவிந்தர் ஆகியோரோடு வாழ்ந்தார். சுற்றிலும் ஆங்கில அரசின் ஒற்றர்கள். தற்காப்பு அங்கே அன்றாடக் கவலை. ஐயர் சிலம்பமும் நீச்சலும் பழகினார். நாடி வந்த இளைஞருக்குச் சுடவும் கற்பித்தார்.

அவ்விளைஞருள் ஒருவர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில், இரயில் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். கருவி அதே ப்ரௌனிங். அவ்வளவு அருகில் குறி பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு உயிர்கள் போயின, ஆட்சி போகவில்லை. ஒடுக்குமுறை கடுமையாயிற்று, புதுவையைச் சுற்றிய கண்காணிப்பும் இறுகியது.

பிறகு நிகழ்ந்ததுதான் என் பற்றுக்குக் காரணம். 1914-இல் போர் மூண்டது. புதுவையில் அடைக்கலம் புகுந்தவர்களைக் கடல் கடந்து அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடுவர் என்ற அச்சம் எழுந்தது. அந்த நெருக்கடியில் ஐயர் தேடியது தோட்டாவை அன்று, திருக்குறளை! நாடு கடத்தப்படுமுன் அதனை ஆங்கிலத்தில் ஆக்கிவிட விரைந்தார். 1916-இல் அந்நூல் வெளிவந்தது. குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதையும் அவர் புதுவையில் எழுதியதே. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்தை அதிலிருந்து கணக்கிடுவோர் பலர்.

பொது மன்னிப்புக்குப் பின் 1920-இல் தமிழகம் திரும்பினார். காந்தியடிகளின் அறவழியை ஏற்றார். தேசபக்தன் ஆசிரியராயிருந்து, அரச நிந்தனைக் குற்றத்திற்காகச் சிறை புகுந்து, பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சி நூலை எழுதினார். பின்னர்ச் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார்.

இனி என் வழக்கு. குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பொங்கி எழுந்தனர். ஐயர் எல்லோரோடும் இருந்து உண்பவர்தாம். பெற்றோர் வேண்டியதற்கு இணங்கித் தந்த வாக்கை மீற மனம் வரவில்லை என்பதே அவர் நிலை. ஆயினும் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது ஆசிரியரின் வாக்கன்று. பிரித்துப் போட்ட இலைதான்.

நந்திதுர்க்கின் லைன் வீடுகளில் வாழ்ந்தோருக்கு இதன் வலி விளங்கும். தீண்டாமைக்குத் தப்பி ஊரை விட்டு வந்தவர் அங்கே பலர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேர் கொண்டதும் அதனால்தான். என் பாட்டனார் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர். நான் பிறப்பதற்கு முன்பே, 2001-இல், அது மூடப்பட்டது. பாறை சரிந்தால் சாதி பார்த்தா சரியும்? தொலைவிலிருந்த விடுதலையை அவ்வளவு தெளிவாகக் கண்ட ஐயரின் கண்ணுக்குப் பக்கத்துப் பந்தியில் நேர்ந்த பிசகு மங்கலாய்ப் போயிற்று. அச்சிறு பிசகு குருகுலத்தோடு நிற்கவில்லை; தமிழக அரசியலையே இரண்டாகப் பிளந்தது.

1925 ஏப்ரலில் ஐயர் பொறுப்பைத் துறந்தார். ஜூன் மாதத்தில் மாணவரோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். ஒரு கணமும் எண்ணாமல் குதித்தார் தந்தை. இருவரையும் அருவி கொண்டது. அப்போது அவருக்கு வயது 44. தற்காப்புக் கலையெல்லாம் கற்றவர், தம்மைக் காவாது மகளைக் காக்க முயன்று மாண்டார்!

நண்பர்களே! ஐயரின் துப்பாக்கியை இன்று எவரும் போற்ற வேண்டியதில்லை. அதை அவரே கீழே வைத்துவிட்டார். அவர் தந்த குறளாக்கத்தைப் படிப்போம். அவர் தவறவிட்ட பந்தியை நாம் நேர் செய்வோம். நம் விடுதியிலும் இலைகள் விரிக்கப்படுகின்றன. யார் அருகில் யார் அமர்கிறோம் என்பதை இன்றிரவு உணவு வேளையில் ஒருமுறை பாருங்கள்.