கதிரவனின் உள்ளகமும் சந்திரசேகரும்

கதிரவனைக் கணக்கிட்டவருக்குத் தமிழ்த்துறை மலரில் இடம் ஏது என்று மாணவர் சிலர் வினவக்கூடும். இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கிய சீதாலட்சுமி அம்மையாரின் மைந்தர் அவர் என்பதே நாம் தரும் விடை.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, விண்மீன்களின் உள்ளமைப்புப் பற்றி எடிங்டன் எழுதிய நூலைக் கட்டுரைப் போட்டிப் பரிசாகப் பெற்றார். 1930-இல் இங்கிலாந்து செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அன்னையார் அப்போது நோயுற்றிருந்தார்; எனினும் போய்வருமாறு வற்புறுத்தியவரும் அவரே. மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் அருகில் இல்லை.

கதிரவனின் உட்புறத்தைக் கண்ணால் காண இயலாது. ஆயின் அதன் நிறை, ஆரம், ஒளி ஆகியவற்றை அளக்கலாம். ஒவ்வோர் அடுக்கின் எடையையும் கீழுள்ள வாயுவின் அழுத்தம் தாங்கியாக வேண்டும் என்பது முதலான விதிகளைக் கொண்டு உள்நோக்கிக் கணக்கிட்டால், நடுவில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி என்று அறிகிறோம்.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களுக்கு இத்தகு கணக்கைக் கப்பற் பயணத்திலேயே சந்திரசேகர் தொடங்கினார். கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேல் நிறையுடையது வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. 1935 சனவரியில், இலண்டன் வானியற் கழகக் கூட்டத்தில் அதனை எள்ளி ஒதுக்கியவர் வேறு எவருமல்லர், பரிசு நூலின் ஆசிரியர் எடிங்டனே! இளைஞர்க்கு அப்போது அகவை இருபத்து நான்கு. தனிமையில் அவர் பக்கம் நின்ற அறிஞர்கள் அவையில் வாய் திறவாதது நமக்கு இன்றும் வருத்தமே.

அவர் பூசலை வளர்க்கவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பணி. 1939-இல் விண்மீன் அமைப்புப் பற்றிய பெருநூல். கதிரவனின் மேற்பரப்பில், ஓர் எலெக்ட்ரானை மிகுதியாகப் பெற்ற ஹைட்ரஜன் அணு எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று 1940-களில் அவர் கணக்கிட்டது, அளந்தறிந்த நிறமாலையோடு பொருந்திற்று. நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது.

கதிரவனின் உள்ளகக் கணக்கிற்கோ வேறொரு சோதனை காத்திருந்தது. அங்கிருந்து வரும் நியூட்ரினோத் துகள்களை 1960-களின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கம் ஒன்றில் எண்ணியபோது, கணித்ததில் மூன்றிலொரு பங்கே தேறிற்று. (நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு அண்மையிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்திலும் 1965-இல் நியூட்ரினோ பதிவாயிற்று, அது வளிமண்டலத்தில் பிறந்தது.) இப்புதிர் தீருமுன்பே, 1995 ஆகஸ்டு 21 அன்று சந்திரசேகர் சிகாகோவில் மறைந்தார். துகள்கள் வரும் வழியில் வகை மாறுகின்றன, கதிரவனைப் பற்றிய கணக்கில் பிழையில்லை என்பதைக் கனடாவின் சட்பரிச் சுரங்க ஆய்வு 2002-இல் நிறுவிற்று.