என்ஜினின் 'டொக்... டொக்...' சத்தத்துக்குக் காரணம் கண்டவர்
சர் ஹாரி ரிக்கார்டோவின் வாழ்க்கை

மேட்டில் ஏறும்போது சில மோட்டார் கார்களின் என்ஜினில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல இருக்கும்.

மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். என்ஜினே பாழாகிவிடும்.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது? மோட்டார் கார் தோன்றிய காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஹாரி ரிக்கார்டோ.

என்ஜினீயரின் பேரன்

ஹாரி ரிக்கார்டோ 1885-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஹால்சி ரிக்கார்டோ, பெயர் பெற்ற கட்டிடக் கலைஞர்.

தாயைப் பெற்ற தாத்தா சர் அலெக்சாண்டர் ரெண்டல், பெரிய என்ஜினீயர். சிந்து நதியின் மீது சுக்கூரில் 1889-ம் ஆண்டில் திறக்கப்பட்ட லான்ஸ்டவுன் பாலம் அவர் வடிவமைத்ததுதான்.

1898-ம் ஆண்டில் தாத்தா ஒரு மோட்டார் கார் வாங்கினார். இங்கிலாந்தில் அப்போது மோட்டார் காரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஹாரிக்கு வயது 13. அன்று முதல் என்ஜின் மீது அவருக்குத் தீராத ஆசை பிறந்தது.

1903-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கே ஒரு போட்டி நடந்தது. ஒரு குவார்ட் பெட்ரோலில், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோலில், அதிக தூரம் போகிறவருக்கு வெற்றி.

மாணவர் ரிக்கார்டோ தாமே வடிவமைத்த மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்த வண்டிகளிலேயே அதன் என்ஜின்தான் கனமானது. ஆனாலும் 40 மைல் ஓடி வெற்றி பெற்றது!

பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சனின் கண் இந்த மாணவர் மீது விழுந்தது. தம்முடன் சேர்ந்து என்ஜின் ஆராய்ச்சி செய்ய அழைத்தார். ரிக்கார்டோவின் வாழ்க்கைப் பாதை அன்றே முடிவாகிவிட்டது.

சத்தத்தின் ரகசியம்

பெட்ரோல் என்ஜின் எப்படி வேலை செய்கிறது?

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே எழும்பி அந்தக் கலவையை அமுக்குகிறது. பிறகு ஒரு மின்பொறி அதைப் பற்ற வைக்கிறது. எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இந்த அமுக்கத்தை மெக்கானிக்குகள் 'கம்ப்ரெஷன்' என்பார்கள். அமுக்கம் கூடினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் 'டொக், டொக்' ஆரம்பித்துவிடும்.

உள்ளே ஏதோ ஒரு பாகம் பழுக்கக் காய்ந்து, மின்பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்ற வைக்கிறது என்று பலர் எண்ணினார்கள். அது வேறு, இது வேறு என்று ஹாப்கின்சனும் ரிக்கார்டோவும் கண்டார்கள்.

சரவெடியை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் பற்ற வைத்தால் நெருப்பு வரிசையாகப் போக வேண்டும். பாதி எரிந்திருக்கும்போது, மிச்சமிருக்கும் கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்?

சிலிண்டருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. மின்பொறி பட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாத கலவையைக் கோடியில் நெருக்குகிறது. நெருக்கம் கூடினால் சூடும் கூடும். சூடு மிஞ்சினால், தீ வந்து சேருமுன் அந்தக் கடைசிக் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அடிதான் நாம் கேட்கும் சத்தம்!

போர்க்களத்தில் புகை

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. 1916-ம் ஆண்டில் பிரிட்டிஷார் டாங்கிகளைப் போருக்கு அனுப்பினார்கள்.

அந்த டாங்கிகளின் என்ஜின் கரும்புகை கக்கியது. பள்ளத்தில் மறைந்து நின்றாலும் புகை காட்டிக் கொடுத்துவிடும். எதிரியின் பீரங்கி குறி பார்த்துவிடும். உள்ளே இருக்கும் வீரர்களின் உயிருக்கே ஆபத்து.

புகையாத என்ஜின் வேண்டும் என்று ரிக்கார்டோவிடம் கேட்டார்கள்.

வேலை சுலபமாக இல்லை. அலுமினியமும் உயர்ந்த ரக எஃகும் ஆகாய விமானங்களுக்கே போதவில்லை. நல்ல பெட்ரோலும் விமானங்களுக்கே போனது. டாங்கிக்குக் கிடைத்தது மட்ட ரகப் பெட்ரோல். மட்ட ரகப் பெட்ரோல் சீக்கிரம் 'நாக்கிங்' செய்யும். ஆகவே அமுக்கத்தைக் குறைவாக வைத்து, 150 குதிரைச் சக்தி என்ஜினை வடிவமைத்தார் ரிக்கார்டோ. எண்ணெய் மேலே ஏறிப் புகையாதபடி பிஸ்டனையும் மாற்றி அமைத்தார்.

அந்த என்ஜின் பொருத்திய 'மார்க் 5' டாங்கிகள் 1918-ம் ஆண்டு கோடையில் போர்க்களம் புகுந்தன.

அதே ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி ஒரு துயரம் நேர்ந்தது. குரு ஹாப்கின்சன் தாமே ஓட்டிச் சென்ற விமானம் விபத்துக்குள்ளானது. அவர் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இருவரும் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடரும் பொறுப்பு சீடர் மீது விழுந்தது.

அதிசய என்ஜின்

1919-ம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஷோர்ஹாம் என்ற ஊரில் ரிக்கார்டோ ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார்.

அங்கே ஓர் அதிசய என்ஜினைக் கட்டினார். ஒரே ஒரு சிலிண்டர்தான். ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டு இருக்கும்போதே அந்தச் சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தலாம். அதனால் அமுக்கத்தை நினைத்தபடி கூட்டலாம், குறைக்கலாம்.

எந்தப் பெட்ரோல் எவ்வளவு அமுக்கம் தாங்கும்? அதை அளந்து சொல்ல இப்போது ஒரு கருவி கிடைத்துவிட்டது. ஹென்றி டிசார்ட், டேவிட் பை என்ற இரு விஞ்ஞானிகளும் அவருக்குத் துணை நின்றார்கள்.

பெட்ரோலுக்குப் பெட்ரோல் பெரிய வித்தியாசம் இருப்பது தெரிந்தது. போர்னியோவில் கிடைத்த ஒரு வகைப் பெட்ரோலைக் கனம் அதிகம் என்று வீணாக எரித்துக்கொண்டு இருந்தார்கள். சோதித்துப் பார்த்தால், 'நாக்கிங்'கைத் தாங்குவதில் அதுதான் சிறந்தது!

இன்று பெட்ரோல் பங்குகளில் 'ஆக்டேன்' என்ற எண்ணைப் பார்க்கிறோம். பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண் அது. அந்த அளவை பிறக்க வழி வகுத்தவர்களில் ரிக்கார்டோவும் ஒருவர்.

ஊதாங்குழல் வித்தை

ரிக்கார்டோ இன்னொரு வழியும் கண்டார்.

தீ வேகமாகப் பரவினால், கடைசிக் கலவை தானாக வெடிப்பதற்கு நேரம் இருக்காது. தீ வேகமாகப் பரவ என்ன செய்வது? ஊதாங்குழலால் ஊதினால் அடுப்பு குபீரென்று பற்றிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். சிலிண்டருக்குள்ளும் கலவை அசையாமல் நிற்கக் கூடாது. சுழன்று புரள வேண்டும்.

அதற்காக என்ஜினின் மேல்மூடியை மாற்றி அமைத்தார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, மூடியின் ஒரு பகுதியைத் தொட்டுவிடுவது போல நெருங்கும். அந்தச் சந்தில் இருக்கும் கலவை பிதுங்கி வேகமாக மறுபக்கம் பாயும். உள்ளே ஒரு சூறாவளி எழும். சந்தில் மிஞ்சும் கொஞ்சக் கலவையும் இரும்பின் அருகில் குளிர்ந்து அடங்கிவிடும்.

பல நாட்டு மோட்டார் தொழிற்சாலைகள் இந்த அமைப்பைப் பின்பற்றின.

டர்போவும் கேஸ்கட்டும்

ரிக்கார்டோ கண்ட உண்மைகள் பின்னால் வேறு ஒரு துறையிலும் கைகொடுத்தன. அதுதான் 'டர்போ'.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகைக்கு வேகம் உண்டு. அந்த வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதன் உதவியால் அதிகக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பதே டர்போ. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

காற்று கூடினால் சக்தி கூடும். ஆனால் ஒரு சிக்கல். டர்போ ஒரு முறை அமுக்கிய காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அமுக்குகிறது. சூடு எல்லை மீறும். 'டொக், டொக்' வந்துவிடும்!

ஆகவே டர்போ வைத்தால் பிஸ்டனின் அமுக்கத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பட்டறைகளில் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். சிலிண்டருக்கும் மேல்மூடிக்கும் இடையில் 'ஹெட் கேஸ்கட்' என்ற தகடு இருக்கும். அதற்குப் பதில் தடித்த கேஸ்கட் போட்டால் மூடி சற்று உயரும். உள்ளே இடம் கூடும். அமுக்கம் குறையும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 86 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிலிண்டர். பிஸ்டன் கடக்கும் இடம் 500 கன சென்டிமீட்டர். உச்சியில் மிஞ்சும் இடம் 55 கன சென்டிமீட்டர். அமுக்கம் சுமார் 10-க்கு 1. கேஸ்கட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக்கினால் உள்ளே 6 கன சென்டிமீட்டர் கூடும். அமுக்கம் சுமார் 9-க்கு 1 என்று இறங்கும்.

வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ரிக்கார்டோ சொன்ன சந்து என்ன ஆயிற்று? ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்த இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிட்டது. சூறாவளி அடங்கிவிடும். தீ மெதுவாகப் பரவும். எந்தச் சத்தத்தைத் தடுக்க கேஸ்கட் போட்டார்களோ, அதே சத்தம் பின்வாசல் வழியாக வரப் பார்க்கும்!

அதனால்தான், விவரம் தெரிந்தவர்கள் சந்தை அப்படியே விட்டுவிட்டு, தலையில் பள்ளம் உள்ள பிஸ்டனைப் போட்டு அமுக்கத்தைக் குறைக்கிறார்கள். செலவு அதிகம். ஆனால் என்ஜின் பிழைக்கும்.

இரண்டு கார்கள்

1962-ம் ஆண்டில் அமெரிக்காவில் டர்போ வைத்த இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன.

ஒன்று செவர்லே கோர்வேர். அதில் அமுக்கத்தை 8-க்கு 1 என்று குறைத்திருந்தார்கள். மற்றது ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர். அதில் அமுக்கம் 10-க்கு 1-க்கும் மேல். சூட்டைத் தணிக்க, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வர வேண்டும்.

ஜெட்பயர் வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். 1963-ம் ஆண்டோடு அந்தக் கார் நின்றுவிட்டது. கோர்வேரின் டர்போ அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியது.

புகழும் முடிவும்

ரிக்கார்டோவுக்குப் பல பெருமைகள் வந்தன. 1929-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1948-ம் ஆண்டில் 'சர்' பட்டம் கிடைத்தது. டீசல் என்ஜினுக்கு அவர் அமைத்த 'காமெட்' என்ற எரி அறை, லண்டன் பஸ்களில் இடம் பெற்றது.

1974-ம் ஆண்டு மே 18-ந் தேதி, தமது 89-வது வயதில் அவர் காலமானார்.

என்ஜின் சத்தம் போட்டால் அதை அடக்க வழி தேடியவர்கள் பலர். அது ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டவர்களில் முக்கியமானவர் ரிக்கார்டோ. இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு பெட்ரோல் காரின் சிலிண்டருக்குள்ளும் அந்தக் கேள்வியின் விடை எரிந்துகொண்டு இருக்கிறது.