ஐந்து மாணவர்களோடு தொடங்கியவர்: ஹாரி குரோ பக்



பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியரை 'டிரில் மாஸ்டர்' என்று அழைக்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் 'பி.டி. சார்'. கொல்லிமலையின் குண்டனி நாடு போன்ற மலை ஊராட்சிகளில் வளரும் பிள்ளைகளானாலும், சென்னைக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் மாணவர்களானாலும், விளையாட்டை முறையாகக் கற்றுத் தர அவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதில் இன்று நமக்கு ஐயமில்லை. ஆனால் இந்த எண்ணம் நம் நாட்டில் தானாக வேரூன்றிவிடவில்லை. அதற்காகத் தம் வாழ்வின் இருபத்து நான்கு ஆண்டுகளைச் சென்னையில் செலவிட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹாரி குரோ பக். தலைமை என்பது என்ன என்று சிந்திக்கும் நமக்கு, அவருடைய வாழ்வு நல்லதொரு பாடமாக அமைகிறது.

பழக்கூடையில் பிறந்த விளையாட்டு

பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிவர்பூல் என்ற சிற்றூரில் பிறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கூடைப்பந்து பிறந்தது அங்கேதான். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், வெளியே போய் ஆட முடியாத மாணவர்கள் கூடத்துக்குள் ஒரே விதமான உடற்பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப் போயிருந்தார்கள். அவர்களைக் கட்டுப்படுத்த முடியாமல் ஆசிரியர்கள் இருவர் ஏற்கெனவே கைவிட்டிருந்தனர். அந்த வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. இறையியல் படித்தவர் அவர். மாணவர்களைத் தண்டிக்க அவர் முயலவில்லை. குறை மாணவர்களிடம் இல்லை, கற்றுத் தரும் முறையில்தான் இருக்கிறது என்று உணர்ந்தார். பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. எதிராளியைத் தள்ளவோ அடிக்கவோ கூடாது. இவை அந்த விதிகளுள் முக்கியமானவை. முரட்டுத்தனம் இல்லாமலேயே வேகமாகவும் மகிழ்ச்சியாகவும் ஆட முடியும் என்பதை அந்த விளையாட்டு உலகுக்குக் காட்டியது.

இத்தகைய சிந்தனை வளர்ந்த கல்லூரியில்தான் பக் உருவானார். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழு மனிதன் என்பது அங்கே அடிப்படைப் பாடம். ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணச் சின்னம் குறிப்பதும் இதையே.

சென்னையில் அவர் கண்டது

1919ஆம் ஆண்டில் பக் சென்னைக்கு வந்தார். அவருடைய துணைவியார் மரீ அம்மையாரும் இந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றார். அன்றைய பள்ளிகளில் உடற்கல்வி என்றால் டிரில்தான். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அதைக் கற்றுத் தந்தார்கள். வரிசையாக நிற்பது, ஆணைக்கு ஏற்பக் கை கால்களை அசைப்பது, ஆணை முடிந்ததும் கலைந்து போவது, இவ்வளவுதான் வகுப்பு. 'டிரில் மாஸ்டர்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

டிரில் ஒழுங்கைத் தரும் என்பது உண்மை. ஆனால் ஆணையிடுபவர் நகர்ந்துவிட்டால் அந்த ஒழுங்கும் நகர்ந்துவிடும். தானாகச் சிந்திக்கவோ, அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கவோ, தோல்வியைத் தாங்கவோ டிரில் கற்றுத் தருவதில்லை. விளையாட்டு இவை எல்லாவற்றையும் கற்றுத் தருகிறது. ஆடுகளத்தில் ஒவ்வொரு நொடியும் பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும். பந்தைத் தானே வைத்திருப்பதா, நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குக் கொடுப்பதா? இந்தச் சிறிய முடிவில் ஒரு மனிதரின் குணமே அடங்கியிருக்கிறது அல்லவா?

ஊர் ஊராகச் சென்று, தாமே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர ஒருவரால் இயலாது. ஆகவே ஆசிரியர்களை உருவாக்குவது என்ற வழியைப் பக் தேர்ந்தெடுத்தார். 1920ஆம் ஆண்டில் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் ஐந்து பேர். ஆசியாவிலேயே இத்தகைய பயிற்சி நிறுவனங்களுள் முதலாவது என்று பெயர் பெற்ற நிறுவனம், ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடக்கூடிய மாணவர்களோடு தொடங்கியது. கடுகு விதை உவமையை அறிந்த நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

பதக்கம் இல்லாத பயணம்

1924ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. சர் தோராப்ஜி டாடாவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரென் அவர்களும் இந்தியாவிலிருந்து ஓர் அணியை அனுப்ப முயன்றனர். அதற்காக அவ்வாண்டு பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியப் போட்டிகள் நடத்தப்பட்டு, தடகள வீரர்கள் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தடை ஓட்ட வீரர் லட்சுமணன், நீளம் தாண்டும் வீரர் தலிப் சிங் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். அந்த அணியை நடத்திச் செல்லும் பொறுப்பு பக் அவர்களிடம் கொடுக்கப்பட்டது.

பாரிஸில் இந்தியாவுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. வெற்றியை மட்டுமே எண்ணுகிறவருக்கு அது தோல்வி. பக் அங்கே வேறொன்றைக் கண்டார். நல்ல வீரர்கள் தனித்தனியாக இருந்தால் போதாது. மாகாணந்தோறும் அவர்களைக் கண்டுபிடிக்கவும், பயிற்சி தரவும், போட்டிகள் நடத்தவும் அமைப்புகள் வேண்டும். நாடு திரும்பிய பின், பக், நோரென் போன்றவர்கள் பல மாகாணங்களுக்கும் சென்று ஒலிம்பிக் சங்கங்கள் உருவாகப் பாடுபட்டனர். 1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறைப்படி அமைந்தது. தோல்விக்குப் பிறகு யாரைக் குறை சொல்லலாம் என்று தேடாமல், எதைக் கட்டி எழுப்பலாம் என்று தேடியதில்தான் அவருடைய தலைமைப் பண்பு வெளிப்படுகிறது.

எல்லாருக்கும் விளையாட்டு

பயிற்சிப் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. இராயப்பேட்டையில் சில காலம் நடந்து, 1930களின் தொடக்கத்தில் அன்றைய சைதாப்பேட்டையில், அடையாறு ஆற்றை ஒட்டிய பரந்த நிலத்துக்கு மாறியது. இன்று நந்தனம் என்று நாம் அழைக்கும் பகுதியில் அக்கல்லூரி இருக்கிறது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும், பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பல மொழியினர், பல சமயத்தினர், பல சாதியினர் ஒரே களத்தில் இறங்கினார்கள். ஒருவரையொருவர் தொடுவதே தீட்டு என்று கருதப்பட்ட காலம் அது. கூடைப்பந்தோ கபடியோ ஆடுகிறவர்கள் தீட்டுப் பார்த்துக்கொண்டு ஆட முடியுமா? ஒரு பந்து பத்துக் கைகள் மாறிச் செல்லும்போது, பிரிவினைச் சுவர்களில் ஒரு செங்கலாவது கழன்றுவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதால், வெளிநாட்டு விளையாட்டுகளை மட்டும் பக் பரப்பவில்லை. நம் மண்ணின் விளையாட்டுகளுக்கும் உடற்பயிற்சிகளுக்கும் கல்லூரியில் இடம் தந்தார். ஊருக்கு ஒரு விதமாக ஆடப்பட்டு வந்த ஆட்டங்களுக்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தால்தான் ஊரும் ஊரும் சண்டையின்றி மோத முடியும் என்பதை அறிந்திருந்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கைநூலாக இருந்தது. 1940ஆம் ஆண்டில் கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. பெண்பிள்ளைகள் பொது இடத்தில் ஓடி ஆடுவதையே பலரும் ஏற்காத நாள்களில், அது துணிவான முடிவு.

1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், 58ஆம் வயதில், பக் சென்னையிலேயே காலமானார். அவர் தொடங்கிய கல்லூரி 2020ஆம் ஆண்டில் நூறு வயதைக் கண்டது. சென்னையில் வளர்ந்து, பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்காகக் கூடைப்பந்து ஆடிய அனிதா பால்துரை 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதைப் பெற்றபோது, இந்த மண்ணில் கூடைப்பந்துக்கு முதலில் களம் அமைத்தவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

தலைவரை எதைக் கொண்டு அளப்பது?

இங்கே நெய்ஸ்மித்தை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். அவர் பின்னாளில் கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளரானார். அந்த அணி அவரிடம் இருந்தபோது 55 ஆட்டங்களில் வென்றது, 60 ஆட்டங்களில் தோற்றது. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே தோல்விக் கணக்கோடு விடைபெற்றார்! ஆனால் அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் மிகப்பெரிய பயிற்சியாளரானார். ஆலனிடம் ஆடிய டீன் ஸ்மித்தும் அவ்வாறே உயர்ந்தார். அந்த ஸ்மித்திடம் கல்லூரி மாணவராகப் பயின்றவரே, உலகம் அறிந்த மைக்கேல் ஜோர்டன். ஒரு தலைவரின் மதிப்பெண்ணை அவருடைய அணியின் பலகையில் மட்டும் தேடக் கூடாது. அவர் உருவாக்கியவர்களிடம் தேட வேண்டும்.

பக் அவர்களின் வாழ்வும் இதையே சொல்கிறது. அவர் கோப்பைகளைச் சேர்க்கவில்லை, ஆசிரியர்களை அனுப்பிவைத்தார். தாம் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வேண்டும் என்று உழைத்தார். தாம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று காட்டிக்கொள்வதையே தலைமை என்று எண்ணுகிறவர்கள் நம் குடும்பங்களிலும் நிறுவனங்களிலும் இன்றும் குறைவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியர்களே! தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பிள்ளையை மைதானத்தின் பக்கமே விடாத பெற்றோரும் உண்டு. நன்றாக ஆடும் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் பந்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை ஓரமாக உட்கார வைப்பதும் நடக்கிறது. மலையூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு, தன்னாலும் ஏதோ முடியும் என்ற நம்பிக்கை முதலில் மைதானத்தில்தான் கிடைக்கும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தைப் பறிக்க நமக்கு உரிமை உண்டா?

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவர்கள் ஐந்து பேராக இருக்கலாம், ஐந்நூறு பேராக இருக்கலாம். ஆணையிட்டு அவர்களை வரிசையில் நிறுத்துவது எளிது. களத்தில் அவர்களோடு இறங்கி, பந்தை அவர்கள் கையில் கொடுத்து, தவறினாலும் மீண்டும் கொடுத்து, ஒரு நாள் நம்மைவிட நன்றாக ஆடும்படி அவர்களை வளர்ப்பதே கடினம். அந்தக் கடினமான வழியில் நடக்க நாமும் முயல்வோம்.