புற்று நோயை எதிர்த்த புதுக்கோட்டைப் பெண்மணி

தெள்ளார் வட்டாரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். நர்சு அவளுடைய பெயரைப் பதிவு செய்துகொள்கிறார். பிரசவத்துக்கு அரசாங்கம் பண உதவி செய்கிறது. அந்தத் திட்டத்தின் பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம்.

இந்தப் பெயரைக் கேட்காத வீடு இல்லை. ஆனால், யார் அந்த முத்துலட்சுமி? அவருக்கும் புற்று நோய்க்கும் என்ன பகை? அது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

படிக்கத் துடித்த பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள். கோவிலில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். அதனால் அந்தக் குடும்பத்தை ஊரார் ஏளனமாகப் பார்த்தார்கள். சிறுமி முத்துலட்சுமியின் மனதில் அது முள்ளாகத் தைத்தது.

பெண்கள் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட காலம் அது. முத்துலட்சுமியோ கல்லூரிக்குப் போக வேண்டும் என்றார். ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். எதிர்த்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைச் சரிசமமாக மதிக்க வேண்டும், அவருடைய விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தார். கணவர் கடைசி வரை அதைக் காப்பாற்றினார்.

தங்கையின் மரணம்

வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது விழுந்தது இடி.

அருமைத் தங்கைக்குப் புற்று நோய் கண்டது. தங்கைக்கு இளம் வயது. அக்காளோ பேர் பெற்ற டாக்டர். எத்தனையோ தாய்மார்களைச் சாவின் வாயிலிருந்து மீட்டவர். ஆனால் கூடப் பிறந்தவளை மீட்க அவரால் முடியவில்லை. தங்கை துடிதுடித்து இறந்ததை அருகில் இருந்து பார்த்தார்.

அழுதுவிட்டு மறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. இந்த நோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று அன்றே உறுதி செய்துகொண்டார்.

1925-ம் ஆண்டு மேல் படிப்புக்காக லண்டனுக்குப் போனார். அங்கே புற்று நோய்க்காகவே நடந்த பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்தார். நம் நாட்டிலும் இது முடியும் என்ற நம்பிக்கையோடு திரும்பி வந்தார்.

சட்டசபையில் ஒரு பெண்

நாடு திரும்பியவரை வேறு கடமை அழைத்தது. சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் நுழைந்த முதல் பெண் அவரே. துணைத் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். பெரிய மனிதர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். அவர் தளரவில்லை. 1947-ல் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் நடந்தது. காந்தியடிகள் கைதானார். உடனே முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைப் பதவியை உதறினார். போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

கை விரித்தார்கள்

இத்தனை வேலைக்கு நடுவிலும் தங்கையின் முகம் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. புற்று நோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று மேடை தோறும் பேசினார். அதிகாரிகளின் வாசற்படி ஏறி இறங்கினார். பலர் கை விரித்தார்கள். புற்று நோய் வந்தவர் எப்படியும் சாகப் போகிறவர், அவருக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதே அன்று பலருடைய எண்ணம்.

அம்மையார் மக்களிடம் போனார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். பணக்காரர்களும் கொடுத்தார்கள், ஏழைகளும் கொடுத்தார்கள். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி சென்னை அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரி பிறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67. ஆஸ்பத்திரியில் இருந்தவை 12 படுக்கைகள்தான்!

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியைத் தொடங்கினார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். இருவரும் ஆயுள் முழுவதையும் அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுத்தார்கள்.

கனடாவில் பிறந்த கருவி

கத்தி வைத்து எடுக்க முடியாத கட்டியை என்ன செய்வது? கதிர்களால் சுட்டு அழிக்க வேண்டும்.

1895-ல் ஜெர்மன் நாட்டு ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். 1898-ல் கியூரி அம்மையாரும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பழைய எக்ஸ்ரே மெஷின்களின் கதிர் உடம்புக்குள் ஆழமாகப் போகாது. மேல் தோலைச் சுட்டுவிடும். ரேடியமோ தங்கத்தை விடப் பல மடங்கு விலை.

இந்தக் கஷ்டத்துக்கு கனடா வழி கண்டது. கோபால்ட் என்ற உலோகத்தை அணு உலையில் வைத்து எடுத்தால், அதிலிருந்து பலமான கதிர் கிளம்பும். அங்கே ரேடியம் எடுத்து வந்த எல்டொராடோ கம்பெனி, இந்தக் கோபால்ட்டை வைத்து வைத்தியக் கருவி செய்தது. 1951-ல் கனடாவில் முதல் நோயாளிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை நடந்தது.

சில ஆண்டுகளுக்குள் அப்படிப்பட்ட கோபால்ட் கருவி அடையாற்றுக்கும் வந்துவிட்டது. நம் நாட்டில் கோபால்ட் கருவியை முதலில் கண்ட ஊர்களின் வரிசையில் சென்னை இடம் பெற்றது.

கரண்ட் வைப்பது என்றால்?

கிராமத்தில் இதைக் கரண்ட் வைப்பது என்று சொல்வார்கள். அதைக் கேட்டே பலர் பயந்து ஓடுகிறார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை.

கருவியின் தலைப் பகுதியில் கனத்த உலோகக் கூட்டுக்குள் கோபால்ட் இருக்கும். நோயாளி மேஜையில் அசையாமல் படுத்திருப்பார். கதவு திறந்ததும் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் கதிர் விழும். சில நிமிடத்தில் கதவு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வலி தெரியாது. சிகிச்சை நாட்களில் அசதியும் தோல் கருப்பதும் உண்டு. பல வாரம் சிறிது சிறிதாகக் கதிர் கொடுப்பார்கள். நல்ல சதை தேறிக்கொள்ளும், கெட்ட சதை தேற முடியாமல் அழியும்.

கோபால்ட்டின் பலம் சுமார் 5 ஆண்டு 3 மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பிறகு புதிய கோபால்ட் போட வேண்டும். வெளிநாட்டுக் கருவியை நம்பியிருந்த நம் நாடு, பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் பாபாட்ரான் என்ற சொந்தக் கருவியைச் செய்தது. பெங்களூர் கம்பெனி ஒன்று அதைத் தயாரிக்கிறது. மின்சாரத்தால் கதிர் உண்டாக்கும் புதிய கருவிகளும் வந்துவிட்டன.

மறைக்காதீர்கள்

1956-ல் அம்மையாருக்கு பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந் தேதி அவர் கண் மூடினார். இன்னும் 8 நாள் இருந்திருந்தால் 82 வயது நிரம்பியிருக்கும். 12 படுக்கையோடு பிறந்த ஆஸ்பத்திரி, இன்று பல மாநிலத்து ஏழைகள் தேடி வரும் இடமாக வளர்ந்திருக்கிறது.

ஆரணியிலும் தெள்ளாற்றிலும் தறியில் உட்காரும் தாய்மார்கள், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். கையில் இருக்கும் புடவையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நாளைத் தள்ளுகிறார்கள். வலி இல்லையே என்று இருந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் புற்று நோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அந்தச் சமயத்தில் வந்தால் பலரைக் குணப்படுத்தலாம்.

புடவை காத்திருக்கும். நோய் காத்திருக்காது. தன் தங்கைக்குக் கிடைக்காத சிகிச்சை மற்றவர்களுடைய தங்கைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் அம்மையார் 30 ஆண்டு பாடுபட்டார். அவர் பெயர் எழுதிய படிவத்தை அடுத்த தடவை கையில் வாங்கும்போது, இதை நினைத்துக்கொள்ளுங்கள்.