எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்

யுத்தத்தில் ஆயுதமெடாத ஸ்திரீகளும் குழந்தைகளும் மாண்டால் அதற்கு ஜவாப்தாரி யார்? கொள்ளை நோய் பரவியது, எதிரி ரயில் பாதையைத் தகர்த்தான், உணவு வண்டி வந்து சேரவில்லை என்று சர்க்கார்கள் சமாதானம் கூறுவது வழக்கம். அத்தகைய சமாதானத்தை நேரில் சென்று சோதித்துப் பார்த்தவர் எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்.

இவர் 1860-ம் வருஷம் இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் ஒரு பாதிரியாரின் புதல்வியாகப் பிறந்தார். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் யுத்தம் மூண்டது. போயர் படைகளுக்கு உணவும் ஆதரவும் கிடைக்காதபடி செய்யும் பொருட்டு, பிரிட்டிஷ் சேனை பண்ணை வீடுகளைக் கொளுத்தி, அங்கிருந்த குடும்பங்களை முகாம்களில் அடைத்தது.

அம்மையார் நிதி திரட்டிக்கொண்டு 1900 டிசம்பரில் கேப் டவுன் சேர்ந்தார். சேனாதிபதி கிச்சனர் அவருக்கு அனுமதித்தது ஒரே ஒரு ரயில் வண்டிச் சாமான். அதுவும் புளூம்பான்டீன் நகரம் வரையில் மட்டுமே. அங்குள்ள முகாமில் சோப்பு இல்லை. அசுத்தமான ஆற்று நீரைக் காய்ச்சப் போதிய விறகும் இல்லை. அவர் கொண்டுபோனதைப் பங்கிட்டு, மற்ற முகாம்களையும் பார்த்துத் திரும்புவதற்குள் அம்முகாமின் ஜனத்தொகை இரட்டிப்பாகிவிட்டது. தர்மப் பொருளால் ஈடுசெய்யக்கூடிய குறையல்ல இது என்று கண்டு, 1901 மே மாதம் லண்டன் திரும்பித் தம் அறிக்கையை வெளியிட்டார்.

சர்க்கார் தரப்பினர் போயர் தாய்மார்களின் சுகாதாரக் குறைவையும் எதிரியின் போர் முறையையும் காரணம் காட்டினர். பாஸெட் அம்மையார் தலைமையில் பெண்கள் கமிட்டி ஒன்றை நியமித்து, ஹாப்ஹவுஸை மட்டும் அதிலிருந்து விலக்கினர். ஆயினும் அக்கமிட்டியும் பெருங் குறைகளைக் கண்டது. அக்டோபரில் மீண்டும் சென்ற அம்மையாரைக் கேப் டவுனில் கரையிறங்க விடாமல், பலவந்தமாக வேறு கப்பலிலேற்றித் திருப்பியனுப்பினர்.

அந்த மாதம் முகாம்களில் மரண விகிதம் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 344 ஆக இருந்தது. நவம்பர் முதல் நிர்வாகம் ராணுவத்தாரிடமிருந்து சிவில் அதிகாரிகளுக்கு மாறலாயிற்று. உணவும் வைத்தியமும் சீர்ப்பட்டன. 1902 பிப்ரவரியில் விகிதம் 69 ஆகக் குறைந்தது. தாய்மார்களும் அவர்களே, யுத்தமும் ஓயவில்லை. அப்படியானால் முன்பு நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா? வீட்டைக் கொளுத்தி ஒருவரைக் காவலில் வைப்பவன், அவருக்குச் சோறும் நீரும் அளிக்கும் கடமையையும் அப்பொழுதே ஏற்கிறான். வண்டி வரவில்லையென்பது அக்கடமையைத் தீர்க்காது.

இம்முகாம்களில் இறந்த போயர்கள் ஏறக்குறைய 28,000 பேர். அவர்களில் 22,000-க்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். கறுப்பு மக்களுக்கென்று ஏற்பட்ட தனி முகாம்களில் பதிவானவரையில் 14,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்முகாம்களுக்கு அம்மையார் செல்லவில்லை. அவற்றை விசாரிக்குமாறு பிறரை வேண்டியதோடு நின்றார். அச்சாவுகளுக்குப் பொறுப்புக் கேட்க வெகுகாலம் வரையில் எவரும் முன்வராதது நியாயத்துக்கே நேர்ந்த குறையாகும்.

1914-ல் காந்திஜிக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் சமரசம் ஏற்பட அம்மையார் உதவினார். முதல் உலக யுத்தத்துக்குப் பின், தோல்வியுற்ற ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பசித்த பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளித்தார். 1926-ல் லண்டனில் காலமானார். அவருடைய அஸ்தி, முகாம்களில் மாண்டவர்களுக்காகப் புளூம்பான்டீனில் எழுப்பிய ஞாபகஸ்தம்பத்தின் அடியில் வைக்கப்பட்டது. தம் தேசத்தின் சர்க்காரைத் தம் தேச மக்களின் முன்னிலையிலேயே கணக்குக் கேட்டவருக்கு, அந்நியர் அளித்த மரியாதை அது.