ஒளியை அளந்த ஓவியர்

நுழையும்முன்

வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைக் கரையில் நண்பகலில் நின்று பாருங்கள். மணலும் நீரும் வானும் கண்கூசும் ஒரே வெண்மையாய்த் தோன்றும். மாலையில் அதே காட்சி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மாறியது வண்ணம் மட்டுமன்று; வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் இடையிலுள்ள அளவும் மாறியிருக்கிறது. அந்த அளவைப் பல்லாண்டு தேடிய ஓர் ஓவியரின் வரலாறு இது.

இளமையும் பயணமும்

வில்லியம் டேனியல் 1769ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1779இல் தந்தையை இழந்தபின், சிறிய தந்தை முறையினரான ஓவியர் தாமஸ் டேனியலின் வீட்டில் வளர்ந்தார். 1785இல் தாமஸ் இந்தியாவை நோக்கிக் கப்பலேறியபோது வில்லியமும் உடன் புறப்பட்டார். அப்போது அவர் உங்கள் வயதை ஒத்த சிறுவர்.

கல்கத்தாவில் தங்கி, வட இந்தியாவைச் சுற்றிய அவர்கள் 1792இல் தென்னாட்டிற்கு வந்தனர். அதற்கு முன்னரே தென்னாட்டின் பெயர் இங்கிலாந்தை எட்டியிருந்தது. 1781இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதின. அடுத்தடுத்த மைசூர்ப் போர்கள் இந்நாட்டின் ஊர்களையும் மலைக்கோட்டைகளையும் காணும் ஆவலை அங்கே வளர்த்தன.

மதுரை, தஞ்சைப் பெரிய கோவில், திருச்சிராப்பள்ளி மலை, பாபநாசம் அருவி, மாமல்லபுரத்துப் பாறைகள் எனப் பலவற்றையும் இருவரும் வரைந்தனர். காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் இருட்டுப்பெட்டி கோடுகளைப் பிழையின்றி வரைய உதவியது. தென்னாட்டு வெயிலின் ஒளியை அளந்து கொள்வதோ ஓவியரின் கண்ணுக்கே உரிய பணியாயிற்று.

செம்புத் தகட்டில் ஒளி

1794இல் தாயகம் திரும்பியபின் உண்மையான சோதனை தொடங்கியது. வெயிலில் வரைந்தவற்றை இலண்டனின் மங்கிய ஒளியில், அக்வாடின்ட் என்னும் அச்சுமுறைக்கு ஏற்ப மீண்டும் ஆக்க வேண்டியிருந்தது. செம்புத் தகட்டின்மேல் பிசின்தூளைப் படியச்செய்து, சூடேற்றி, அமிலத்தில் இடுவர். தூள்மணிகளின் இடையே அமிலம் தகட்டை அரிக்கும். வெளிறித் தோன்ற வேண்டிய பகுதியை மெருகெண்ணெய் பூசி முதலில் மறைப்பர். பின்னர் மீண்டும் அமிலம், மீண்டும் மறைப்பு. மிகுதியாக அரிக்கப்பட்ட இடமே மிகுந்த கருமை பெறும். ஆகவே வானின் வெளிச்சமும் கோபுர நிழலின் ஆழமும் தகட்டிலேயே முடிவாகிவிடும். சற்றே பிழைத்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும்.

அச்சிட்ட பின்னரே நீர்வண்ணத்தைக் கையால் தீட்டினர். வண்ணம் மெல்லியதாக இருந்தால் அடியிலுள்ள ஒளிநிழல் அதனூடே தெரியும். தடித்துவிட்டால் தொலைவும் அண்மையும் ஒன்றாகிப் படம் தட்டையாகும். நிழல் தவறான இடத்தை வண்ணத்தால் திருத்த இயலாது என்பதை இம்முறை உணர்த்துகிறது.

இரவு பகலாக உழைத்து வில்லியம் இக்கலையில் தேர்ந்தார். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ வெளிவந்தது. பின்னர்த் தம் நாட்டுக் கடற்கரையைச் சுற்றி 308 படங்களை உருவாக்கினார். இருப்பினும், அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராகும் பேறு 1822இல்தான் கிட்டியது. தாமஸ் அதனை 1799இலேயே பெற்றிருந்தார். 1837இல் வில்லியம் மறைந்தார்.

நமக்கான பாடம்

நிலக்காட்சி ஓவியம் ஒன்றைத் திருத்த முனைவோர் முதலில் கண்களைப் பாதி மூடி அதனைப் பார்த்தல் வேண்டும். வண்ண வேறுபாடுகள் அடங்கி, ஒளியும் இருளும் மட்டும் புலப்படும். நீரும் மணலும் மரமும் அப்போதும் தனித்தனியே தெரியுமாயின் வண்ணத்தைத் தொடலாம். தெரியாவிடில் நிழலையே முதலில் சீர்செய்ய வேண்டும். வெள்ளாற்றங்கரையில் தூரிகை எடுக்கும் மாணவருக்கும், செம்புத் தகட்டின்முன் பொறுமையுடன் அமர்ந்த வில்லியம் டேனியலுக்கும் பணியின் வரிசை ஒன்றே: முதலில் ஒளி, பின்னரே வண்ணம்.